மூக்கொழுகும் கடற்காகமும் மூச்சிரைக்கும் கோழியும்

கேள்வி: மார்ச் 3, காலை 7.20

தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டிய சாலையில் தினமும் நடக்கிறேன். ஒரு வாரமாகக் கடற்காகங்களின் அலகு நுனியில் சொட்டுச் சொட்டாக நீர் வடிகிறது. அடிக்கடி தலையை உதறுகின்றன. சளியா, பறவைக் காய்ச்சலா? யாரிடம் புகார் செய்வது? ஒரு வேளை கடல்நீரைக் குடித்துவிட்டனவோ என்றும் யோசித்தேன். ஆனால் கடற்பறவை கடல்நீரைக் குடிக்காது, மீனில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும் என்பது என் கருத்து. உப்புத் தண்ணீர் எந்த உயிருக்கும் ஆகாது.

பதில்: மார்ச் 3, இரவு 9.15

புகார் வேண்டாம். அது சளி இல்லை, உப்புநீர். கடற்காகத்தின் கண்களுக்கு மேலே மண்டையோட்டில் பதிந்தாற்போல் இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் மிஞ்சிய உப்பை அவை பிரித்து மூக்குத்துளை வழியே வெளியே விடுகின்றன. அது அலகில் வழிந்து நுனிக்கு வந்து சொட்டுகிறது. சொட்டத் தாமதமானால் பறவை உதறி எறிந்துவிடுகிறது. அவ்வளவுதான் நோய்.

நான் 22 ஆண்டுகள் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். பம்பு செட் கூரையில் உட்கார்ந்து எங்கள் தலையில் உதறாத கடற்காகம் இல்லை.

கடல்நீரைக் குடிக்காது என்பதும் தவறு. குடிக்கும். வாய்க்காலில் அலகை நனைத்துத் தலையை நிமிர்த்தி விழுங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மார்ச் 3, இரவு 9.40

எந்த உயிருக்கும் ஆகாது என்றீர்களே, நமக்கு ஆகாது என்ற அளவில் சரி. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நம் சிறுநீரகத்தால் அந்தச் செறிவில் உப்பை வெளியேற்ற முடியாது. ஒரு லிட்டர் குடித்தால் அதிலுள்ள உப்பைக் கழுவி வெளியேற்ற ஒன்றேகால் லிட்டருக்கும் மேல் சிறுநீர் போக வேண்டும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது இதுதான். உப்பையே தண்ணீராகக் குடித்தவன் எங்கே போவான்?

இதில் வேடிக்கை, பறவையின் சிறுநீரகம் நம்முடையதைவிட மட்டம். பெரும்பாலான பறவைகளால் ரத்தத்தைப்போல் இரண்டு, மிஞ்சினால் மூன்று மடங்கு செறிவுக்கு மேல் சிறுநீரைக் கெட்டிப்படுத்த முடியாது. அதனால்தான் கடற்பறவைக்கு மூக்கில் தனி மடை.

மார்ச் 5, மாலை 6.05

"உம்முடைய அனுபவம் இருக்கட்டும், யாராவது அளந்திருக்கிறார்களா?" என்று கேட்ட அண்ணாச்சிக்கு.

அளந்திருக்கிறார்கள். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஷ்மிட்-நீல்சன், 1950களில் மெய்ன் மாநிலக் கடற்கரையில் நீர்க்காகங்களுக்குக் குழாய் வழியே கடல்நீரைப் புகட்டினார். உப்பெல்லாம் சிறுநீரில்தான் போகும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்த காலம். பறவைகள் அலகில் சொட்டு விட்டுத் தலையை உதற ஆரம்பித்தன. அந்தச் சொட்டை எடுத்துப் பார்த்தால் கடல்நீரைவிட உப்பு. சுரப்பி இருப்பது உடற்கூறு பார்த்தவர்களுக்கு அதற்கு வெகு காலம் முன்பே தெரியும். மூக்கின் உள்பக்கத்தைக் கழுவுவதற்காக இருக்கும் என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள்.

கடற்காகத்தின் மூக்குநீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு உப்பு. கடலில் மூன்றரை. சோடியத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் ஒரு லிட்டர் கடல்நீரின் உப்பு சுமார் 600 மி.லி. மூக்குநீரில் வெளியேறிவிடும். மீதி 400 மி.லி. நல்ல தண்ணீர் பறவைக்கு லாபம். அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்று பாடிப் பாடி வளர்ந்தோம். இது உப்பையும் நீரையும் பிரிக்கிறது, இதைப் பாட ஆள் இல்லை.

மார்ச் 6, காலை 5.50

நேற்று எழுதிய கணக்கில் பிழை. 400 மி.லி. லாபம் என்று பெருமையடித்தேன், பின்வழிச் செலவைப் பற்று எழுதவில்லை. கணக்கப்பிள்ளைக்கு இது வெட்கக்கேடு.

அதே ஆராய்ச்சியாளர் 1,420 கிராம் எடையுள்ள ஒரு கடற்காகத்துக்கு 134 மி.லி. கடல்நீர் கொடுத்தார். அதன் எடையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. என் எடையில் பத்தில் ஒரு பங்கு என்றால் ஆறரை லிட்டர். குடித்தால் நான் இந்தக் குறிப்பை எழுத இருக்க மாட்டேன். அடுத்த மூன்று மணி நேரத்தில் மூக்கு வழியே 56 மி.லி., எச்சத்தோடு 75 மி.லி. வெளியே வந்தது. இரண்டையும் கூட்டினால் குடித்தது அத்தனையும் போய்விட்டது, லாபம் எங்கே என்று கேட்கலாம். ஒரே மூச்சில் அவ்வளவு ஊற்றினால் அப்படித்தான். பார்க்க வேண்டியது உப்பு எந்த வழியே போனது என்பதை. 56 மி.லி. மூக்குநீரில் போன சோடியம் 75 மி.லி. எச்சநீரில் போனதைப்போல் பத்து மடங்கு.

மார்ச் 11, இரவு 10.30

"சொட்டை நக்கிப் பார்த்தீரா?" என்று கேட்டவருக்கு: இல்லை. உப்பின் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயை ஒரு சொட்டில் மிதக்க விடவும் முடியாது. வேறு சோதனை இருந்தால் சொல்லுங்கள்.

மண்டையோட்டைப் பார்த்திருக்கிறேன். கடல்நீரைத் தேக்கிக் காய வைக்கும் தெப்பத்து வரப்பில் செத்து உலர்ந்து கிடந்த கடற்காகம். இரண்டு கண்குழிகளுக்கும் மேலே, எலும்பில் பிறை வடிவமாக ஒவ்வொரு பள்ளம். ஈர மண்ணில் விரல்நகத்தை அழுத்தினால் பதியுமே, அந்த மாதிரி. சுரப்பி அதில்தான் கிடந்திருக்கும். உள்ளே நுண்குழாய்கள், அவற்றை ஒட்டி எதிர்த்திசையில் ஓடும் ரத்தம். உப்பு கூடியதும் நரம்பு வழியே உத்தரவு வந்து சுரக்க ஆரம்பிக்கும். தேவையில்லாதபோது சும்மா கிடக்கும். உப்புநீரில் வளர்த்த வாத்துகளுக்கு இந்தச் சுரப்பி பெருத்துவிடுகிறது, நன்னீர் வாத்துகளுக்குச் சிறிதாகவே இருக்கிறது.

மார்ச் 19, பிற்பகல் 2.10

"பறவைக்கு வியர்க்குமா?" என்று புதிதாக ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த விவாத இழை உப்பைப் பற்றியது, பரவாயில்லை, வெயிலும் ஏறிவிட்டது.

வியர்க்காது. வியர்வைச் சுரப்பியே கிடையாது, தோல் வழியே நீர் போகாது. கோழியின் உடல் சூடு 41 டிகிரிக்கு மேல். நமக்கு அந்தச் சூடு வந்தால் ஆம்புலன்சைக் கூப்பிடுவார்கள், அதற்கு அதுதான் சாதாரண நாள். இதில் ஒரு வசதி: வெளியே 38 டிகிரி அடித்தாலும் உடல்தான் அதிகச் சூடு, ஆகவே சூடு தானாகவே வெளியே போகும். கொஞ்சம் தாக்குப்பிடித்து, உடல் சூட்டை இரண்டு டிகிரி ஏறவும் விட்டுவிடும். அதற்கும் மேலே போனால் வாயைத் திறந்து மூச்சிரைக்க வேண்டியதுதான். தொண்டை ஈரம் ஆவியாகும், சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும்.

ஏப்ரல் 14, மாலை 5.00

புத்தாண்டு வாழ்த்தெல்லாம் மற்ற இழைகளில் சொல்லிக்கொள்ளுங்கள். கடற்காகங்கள் போய்விட்டன. கடைசிக் கூட்டத்தைப் போன வாரம் பார்த்தேன். இனி ஐப்பசியில்தான்.

என் வீட்டில் ஒன்பது நாட்டுக்கோழிகள். காலை பத்து மணிக்கே வேப்பமரத்தடியில் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்து, வாயைப் பிளந்து நிற்கின்றன. என் ஆச்சி இதைப் பார்த்தால் "அக்குள் காய வைக்குது" என்பார். சரிதான், இறக்கைக்கு அடியில் இறகு குறைவு, காற்றுப் படும்.

முட்டை ஓடு காகிதம் மாதிரி இருக்கிறது. காரணத்தை இங்கே ஒரு நாமக்கல்காரர் எழுதியிருக்கிறார்: இரைத்து இரைத்துக் கரியமில வாயு அதிகமாகப் போய்விடுகிறது, ரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது. பண்ணையில் கோடைக்குக் குடிநீரில் ஆப்ப சோடா கலக்கிறார்களாம், கூட எலக்ட்ரோலைட் பொடியும். நாளை வாங்கி வருகிறேன்.

ஏப்ரல் 20, காலை 8.15

கலந்து வைத்திருக்கிறேன். விரும்பிக் குடிக்கின்றன. முன்பைவிடவும் அதிகமாக.

மே 2, இரவு 11.45

இரண்டு போய்விட்டன. கழுத்தில் இறகில்லாத சிவப்புக் கோழியும், போன வருடம் பதினான்கு குஞ்சு பொரித்ததும். எச்சம் தண்ணீராகப் போனது, கால் தள்ளாடியது, ஓயாமல் தண்ணீர்ச் சட்டியிலேயே தலை. சட்டி காலியானதும் அதன் விளிம்பைக் கொத்திக்கொண்டே நின்றது சிவப்பு. வெயில்தான் கொன்றது. 40 டிகிரியில் வேறென்ன நடக்கும்? நாமக்கல்காரரின் சோடா எங்கள் ஊருக்குச் சரிப்படவில்லை.

மே 4, காலை 6.30

இழையில் இருக்கும் கால்நடை மருத்துவர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: "சோடாவை எந்தத் தண்ணீரில் கலந்தீர்கள்?"

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில்தான். வேறு எதில்?

மே 5, மாலை 4.20

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினைப் பழுதுபார்க்கும் தம்பியை அழைத்து மீட்டர் வைக்கச் சொன்னேன். 5,200 காட்டியது. அதாவது லிட்டருக்கு 5.2 கிராம் உப்புகள். கோழிக்கு 3,000ஐத் தாண்டினாலே மோசம், 5,000ஐத் தாண்டினால் வைக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்கிறார். மழைக்காலத்தில் இந்தக் கிணறு இவ்வளவு கரிக்காது. கோடையில் ஏறிவிடுகிறது. 22 வருடம் உப்பை அளந்தவன் வீட்டுச் சட்டியை அளக்கவில்லை.

மே 6, அதிகாலை 4.40

தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மார்ச்சில் ஒரு கோழி நாளுக்கு 150 மி.லி. குடித்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரில் முக்கால் கிராம் உப்பு. மே மாத வெயிலில் இரட்டிப்பாகக் குடிக்கும். 300 மி.லி., ஒன்றரை கிராம் உப்பு. கிணறு அதே கிணறு, கோழி அதே கோழி, உள்ளே போகும் உப்பு மட்டும் இரண்டு மடங்கு. ஒன்றரைக் கிலோக் கோழிக்கு ஒன்றரை கிராம் என்றால் அறுபது கிலோ ஆளுக்கு அறுபது கிராம். அதற்கு மேல் நான் போட்ட சோடா. அதிலும் சோடியம்தான்.

இனிதான் உறைத்த விஷயம். அந்த 300 மி.லி. எங்கே போகிறது? பெரும்பகுதி மூச்சோடு போகிறது. மூச்சோடு போவது வெறும் ஆவி. உப்பு பின்தங்கிவிடுகிறது. இதைத்தான் நாங்கள் பாத்தியில் செய்தோம். மூன்று டிகிரி உப்புச் செறிவில் கடல்நீரை விட்டு, வெயிலும் காற்றும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போக, தெப்பம் தெப்பமாகக் கெட்டிப்பட்டு, 25 டிகிரிக்கு வந்ததும் உப்பு உட்காரும். வேப்பமரத்தடியில் வாய் பிளந்து நிற்கும் கோழி ஒரு பாத்தி. பாத்திக்காவது உப்பு உட்கார்ந்தபின் மிஞ்சும் கசப்பு நீரான நஞ்சோடையைத் திறந்துவிட மடை உண்டு. கோழிக்குக் கடற்காகத்தின் மூக்கு இல்லை.

ஆகவே மே 2இல் வெயில்தான் கொன்றது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வெயில் கேட்டது தண்ணீரை, நான் கொடுத்தது உப்பை. செத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் புதைத்துவிட்டதால் எது எவ்வளவு என்று பங்கு பிரித்து எழுத முடியாது. நாமக்கல்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய சோடாவில் குற்றமில்லை.

மே 6, காலை 9.00

ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றியாகிவிட்டது. தாமிரபரணி குழாயில் வரும் நாளில் இரண்டு குடம் கோழிக்கென்று தனியாகப் பிடித்து வைக்கிறோம். வீட்டில் இதற்கு ஒரு சண்டை நடந்தது, அது இழைக்குச் சம்பந்தமில்லாதது.

மே 7, இரவு 8.30

"அளத்து வேலையாட்கள் கோடையில் நீச்சத்தண்ணீரில் உப்புப் போட்டுக் குடிக்கிறார்களே, அது அவர்களுக்கு நல்லதுதானே?" என்று முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். நல்ல கேள்வி. நம் வியர்வையில் உப்பு போகிறது. உப்பு வாருகிறவர்களின் சட்டை முதுகில் மாலையில் வெள்ளை வரி வரியாகப் பூத்திருக்கும். போனதை ஈடு கட்டுகிறார்கள். கோழியின் மூச்சில் உப்பு போவதில்லை. மனிதனுக்குப் பார்த்த வைத்தியத்தை நான் கோழிக்குப் பார்த்தேன்.

மருத்துவர் திருத்துகிறார்: வெயிலில் கோழிக்கும் எச்சத்தோடு கொஞ்சம் தாது உப்புகள் போகும், ஆகவே பொடி வீண் இல்லை, போட்ட தண்ணீர்தான் தவறு. சரி.

மே 18, இரவு 9.50

மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்குநேரி பக்கம் போனவன் கூந்தன்குளத்தில் இறங்கிவிட்டேன். வீட்டு வாசல் மரத்தில் நாரைக் கூடு, கீழே மாட்டுத் தொழுவம், யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை. பகல் ஒரு மணி.

கருவேல மரத்தில் கூழைக்கடாக் குஞ்சுகள். அலகை லேசாகத் திறந்து வைத்துத் தொண்டைப் பையை மட்டும் படபடவென்று ஆட்டிக்கொண்டிருந்தன. கொதிக்கிற பானையின் மேல் வாழையிலை துடிக்குமே, அப்படி. மார்பு அசையவில்லை. கோழி இரைத்தால் உடம்பே குலுங்கும், நுரையீரல் காற்றும் சேர்ந்து போகும், கரியமில வாயு குறையும். கூழைக்கடாவோ நாக்கெலும்பை ஆட்டித் தொண்டைத் தோலுக்கு மட்டும் விசிறுகிறது. அந்தத் தோலில் ரத்த நாளம் அடர்த்தி. குறைந்த செலவில் விசிறி. முட்டை ஓடு மெலியும் வம்பும் அதிகமில்லை.

பக்கத்து மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை. கால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், சுண்ணாம்பு அடித்த தூண் மாதிரி வெள்ளையாக நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று தன் காலிலேயே எச்சமிட்டது. சற்று நேரம் கழித்து மறு காலில். கூட வந்த மைத்துனர் "என்ன அசிங்கம் மச்சான்" என்றார். அசிங்கம் இல்லை, ஏர் கூலர். எச்சத்தின் நீர் காலில் ஆவியாகிறது, காலில் ஓடும் ரத்தம் குளிர்ந்து உடம்புக்குத் திரும்புகிறது. வெள்ளை என்பது பின்தங்கிய யூரிக் அமிலம். 1963இல் காஹ்ல் என்பவர் அமெரிக்க நாரைகளை வெயிலில் வைத்து இதைக் காட்டினார். எப்படியும் வெளியே போக வேண்டிய தண்ணீரை வைத்தே காலையும் குளிர்விக்கும் சிக்கனத்தை எங்கள் முதலாளி பார்த்திருக்க வேண்டும்.

மே 19, காலை 7.00

நேற்றுக் கல்யாண வீட்டுத் திண்ணையில் ஒரு புறாக்காரர் என்னை மடக்கிவிட்டார். "என் புறா வாயைத் திறக்காமலேயே வெயிலைத் தாங்குதே, எப்படி?" என்றார். மார்ச் 19இல் தோல் வழியே நீர் போகாது என்று எழுதியது தவறு. வியர்வைச் சுரப்பி இல்லை என்பது மட்டும் சரி. புறாவும் மாடப்புறா இனங்களும் கடுஞ்சூட்டில் தோல் வழியாகவே நிறைய நீரை ஆவியாக்குகின்றன. சுரப்பி வேண்டியதில்லை, தோல் ஊடே கசிந்தாலே போதும். அதனால் அவை கோழிபோல் இரைத்துக் கிடப்பதில்லை.

தீக்கோழி எட்டு மணி நேரம் விடாமல் இரைத்தும் ரத்தத்தில் காரம் ஏறாமல் நின்றதை ஷ்மிட்-நீல்சன் குழுவினர் 1969இல் எழுதியிருக்கிறார்கள். கோழி என்று ஒரே பெயரைச் சூட்டிவிட்டோம், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மே 27, மாலை 6.40

பழைய அளத்துக்குப் போயிருந்தேன். வரப்பில் உப்புக்கொத்தி முட்டை வைத்திருக்கிறது. வெறும் தரை, ஓட்டாஞ்சில்லுகளுக்கு நடுவில் மூன்று முட்டை. அடைகாக்க உட்காரவில்லை, குடைபோல் நின்றது. 41 டிகிரியில் பறவை பரவாயில்லை, முட்டை வெந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்தி ஓரத்துக்கு ஓடி, வயிற்றைத் தண்ணீரில் தோய்த்து, ஓடி வந்து முட்டையின் மேல் நின்றது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பறவை, ஒரு நடையில் எவ்வளவு தண்ணீர் வந்துவிடப் போகிறது? இருந்தும் ஒரு மணி நேரத்தில் ஆறு நடை எண்ணினேன்.

இதற்கு உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தவர் அளத்துக்காரராகத்தான் இருப்பார்.

ஜூன் 8

நீர்க்காகம் கம்பத்தில் இறக்கையை விரித்து நிற்பதும் வெயிலுக்காகவா என்றால், இல்லை. அதன் இறகு நனையும், காய வைக்கிறது. கோழி விரித்தால் சூடு, நீர்க்காகம் விரித்தால் ஈரம்.

பூநாரை ஒற்றைக்காலில் நிற்பது பற்றித் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே சண்டை போடுங்கள்.

ஜூலை 2, காலை 10.10

ஏழு கோழிகளும் நலம். ஓடு கெட்டியாகிவிட்டது. சோடாவை ஆற்றுத் தண்ணீரில் மருத்துவர் சொன்ன அளவில் பத்து நாள் கொடுத்தேன், பிறகு நிறுத்திவிட்டேன். தீவனத்தைக் காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்துக்கு மேலும்தான் வைக்கிறேன். உச்சிவெயிலில் தின்றால் செரிக்கும் சூடும் சேர்ந்துகொள்ளும்.

அக்டோபர் 30, மாலை 5.35

முதல் கடற்காகங்கள் வந்துவிட்டன. பதினொன்று எண்ணினேன்.

பம்பு செட் பக்கத்தில் நீல டிரம் ஒன்று கவிழ்த்துக் கிடக்கிறது. ஒரு கடற்காகம் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. மூக்குத்துளையிலிருந்து நீர் கிளம்பி, அலகின் மேல் விளிம்பில் ஊர்ந்து, நுனி வளைவில் திரண்டு நின்றது. மணி பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மூன்றாவது விழுவதற்குள் உதறிவிட்டுப் பறந்துவிட்டது. டிரம்மில் இரண்டு சொட்டு. வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது, வெயிலும் இருந்தது, சீக்கிரம் காய்ந்துவிட்டன. நீலத்தில் மிளகு அளவுக்கு இரண்டு வெள்ளை வட்டங்கள். விரலால் தேய்த்தேன், நறநறவென்றது.

மார்ச் 11இல் கேட்டவருக்கு: இல்லை, இப்போதும் நக்கிப் பார்க்கவில்லை.